செப்பேட்டு வளையமும் கைக்கடிகாரமும்

எண்ணாயிரத்துக்கும் எசாலத்துக்கும் ஒருமுறையேனும் சென்று வரவேண்டும் என்ற எண்ணம் எங்கள் குழுவில் நெடுநாட்களாக இருந்து வந்தது. சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அது கைகூடியது. திண்டிவனத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வர இசைந்தார். சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல் என்பதை முதன்முதலாக எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். அன்று காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கிடங்கல் பக்கமே தம் விடியற்கால நடையை முடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

அந்த நடைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு இருதய இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அவர். வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் அவருடைய அடிகளை எண்ணுகிறது. நாடித்துடிப்பையும் உறக்கத்தையும் குறித்துக்கொள்கிறது. நடந்த பாதையை வரைபடமாகத் தீட்டிக் காட்டுகிறது. இவையெல்லாம் ஓர் உடற்பயிற்சிக் கணக்கில் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

விக்கிரவாண்டிக்கு முன்னால் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினோம். ஆசிரியர் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டச்சு செய்யலானார். கல்வெட்டு ஐயங்களைக் கேட்டுப் பழகிய செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் இனித் தம் நடைக்கணக்கையும் காட்டி, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தரச் சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான 'இணைப்பு மென்பொருள்' ஒன்றை எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தார். அது அவருடைய உடற்பயிற்சிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. பெயரை உள்ளிட்டு முடித்துவிட்டார். கடவுச்சொல்லின் முதல் எழுத்தில் விரல் வைத்தபோது எங்களில் ஒருவர், "ஐயா, சற்றுப் பொறுங்கள்" என்று தடுத்தார்.

"ஏன் தம்பி? சாவியைக் கொடுத்தால்தானே உள்ளே வந்து வேலை செய்ய முடியும்? தவிர, கிழவன் நடந்த கணக்கைத் திருடி யாருக்கு என்ன ஆகப்போகிறது?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு வண்டியிலேயே விடை சொன்னோம். முதலாவதற்கான விடை எசாலத்தில் காத்திருந்தது.

அடிகளை எண்ணும் கருவி புதியதன்று. ஜப்பானில் யமசா என்ற நிறுவனம் 1965-ல் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரில் ஒரு கருவியை விற்றது. இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் பத்தாயிரம் அடிக் கணக்கு அந்தப் பெயரிலிருந்து பரவியதே. ஆனால் அந்தக் கருவி இடுப்போடு நின்றது. இன்றைய கடிகாரமோ எண்ணியதை வேறோர் ஊரில் உள்ள கணினியில் கொண்டுபோய் வைக்கிறது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்கள் ஓடிய, மிதிவண்டியில் சென்ற தடங்களையெல்லாம் ஒன்றாக்கி 2017 நவம்பரில் ஓர் ஒளிப்படம் வெளியிட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அப்படத்தை உற்றுநோக்கியபோது, பாலைநிலத்தின் இருளில் தனித்து ஒளிர்ந்த கோடுகள் இராணுவ முகாம்களின் உட்சாலைகள் என்பது தெரியவந்தது. வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய ஓட்டமே முகாமைக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மைஃபிட்னஸ்பால் என்ற செயலியின் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்கள் களவுபோயின.

"நான் இராணுவத்தில் இல்லையே" என்றார் ஆசிரியர்.

"உண்மைதான் ஐயா. ஆனால் நீங்கள் நாள்தோறும் எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், அந்நேரத்தில் அம்மா வீட்டில் தனியே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் இருதயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியும். நாளை ஒரு காப்பீட்டு முகவர் அதை அறிய விரும்பமாட்டார் என்று சொல்ல முடியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எசாலத்துத் திருஇராமேசுவரம் கோயில் அளவில் பெரியதன்று. முதலாம் இராசேந்திர சோழரின் குருவான சர்வசிவ பண்டிதர் எடுப்பித்தது. 1987-ல் திருப்பணி நடந்தபோது இங்கே மண்ணுக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகளும் செப்பேட்டுத் தொகுதி ஒன்றும் வெளிப்பட்டன. எசாலம் செப்பேடுகள் என்று ஆய்வாளர் போற்றும் தொகுதி அதுவே. ஏடுகளின் துளைகளில் ஒரு வளையம் கோக்கப்பட்டு, அந்த வளையத்தில் இராசேந்திரரின் முத்திரை பொருத்தப்பட்டிருந்தது. அமர்ந்த புலி, இரு கயல்கள், வில், மேலே வெண்கொற்றக்குடை, இருபுறமும் கவரிகள் என்பவை சோழ முத்திரையின் அடையாளங்கள்.

கோயில் நிழலில் அமர்ந்து அந்த வளையத்தைப் பற்றித்தான் பேசினோம். இத்தகைய செப்பேடுகளில் வளையத்தின் இரு முனைகளையும் முத்திரையின் அடிப்பகுதியில் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். பிறகு ஓர் ஏட்டை உருவ வேண்டுமானாலும் புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமானாலும் வளையத்தை வெட்டியாக வேண்டும். வெட்டினால் வடுத் தெரியும். இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அரசர் கொடை பெறுபவருக்குத் தம் முத்திரைக் கருவியைக் கொடுத்துவிடுவதில்லை. முத்திரை பதித்த ஆவணத்தைத்தான் கொடுக்கிறார். கருவி கைக்கு வந்தால் எந்த ஆணையையும் எழுதிக்கொள்ளலாம். ஆவணம் கைக்கு வந்தால் அதில் எழுதியதை மட்டுமே பெறலாம்.

அந்த ஆவணம் பிறக்கும் முறையை நன்கு காட்டுவது லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளிக்குமாறு முதலாம் இராசராசர் தம் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில் வாய்மொழியாக ஆணையிட்டார். அதைக் கேட்டுத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதினார். ஓலைநாயகம் செய்தவர்கள் அதை ஒப்பிட்டு ஒப்பம் வைத்தனர். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிந்தனர். ஆணை நாட்டாரிடம் சென்றபோது அவர்கள் அதைத் தலைமேல் வைத்து ஏற்று, பெண்யானையை நடக்கவிட்டு எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நட்டனர். பின்னர் அறவோலை எழுதிக் கையெழுத்திட்டனர். சொன்னவர், எழுதியவர், சரிபார்த்தவர், பதிந்தவர், எல்லை காட்டியவர் என ஒவ்வொருவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் தவறினால் மற்றவர் கண்ணில் படும்.

எல்லை என்பது நிலத்துக்கு மட்டும் வகுக்கப்பட்டதன்று. கொடை பெற்றவர் என்னென்ன செய்யலாம் என்பதையும் சோழர் செப்பேடுகள் பட்டியலிடுகின்றன. சுட்ட ஓடு கொண்டு மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், செங்கழுநீர் நடலாம். அடுத்து, பிறர் என்னென்ன செய்யலாகாது என்பதும் வருகிறது. ஊருக்கு வரும் வாய்க்காலை அயலார் வெட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, அதிலிருந்து ஏற்றம் இட்டோ கூடையாலோ நீர் இறைக்கக்கூடாது. நீரைப் பெறுவது ஓர் உரிமை. வாய்க்காலில் கைவைப்பது வேறோர் உரிமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாத தெளிவு அந்த எழுத்தரிடம் இருந்தது.

"ஐயா, நீங்கள் தேநீர்க் கடையில் கொடுக்கவிருந்தது முத்திரைக் கருவியை" என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

கணினி உலகம் இந்தப் பாடத்தைத் தன் வழியில், சற்றுத் தாமதமாகவே கற்றது. இருபதாண்டுகளுக்கு முன் பல தளங்கள், 'உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று சொல்லி நம் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கின. நாமும் கொடுத்தோம். இந்த நிலையை மாற்றவே 2007 இறுதியில் 'ஓஆத்' என்ற நெறிமுறையின் முதற்பதிப்பு வெளிவந்தது. இதன்படி உதவிக்கு வரும் மென்பொருள் நம் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. அது நம்மைக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே நாம் நுழைந்து, இன்னின்னதைப் பார்க்கலாம் என்று ஒப்புகிறோம். நிறுவனம் அந்த மென்பொருளுக்கு 'டோக்கன்' என்ற அனுமதிச் சீட்டை அளிக்கிறது. ஒப்பிய அளவுக்கு மட்டுமே செல்லுபடியாகும் சீட்டு அது. எசாலத்து மொழியில் சொன்னால், முத்திரையிட்ட ஆவணம்.

முதற்பதிப்பில் ஒரு குறை 2009 ஏப்ரலில் வெளிப்பட்டது. தீயவன் ஒருவன் தான் தொடங்கிய இணைப்பின் சுட்டியை நமக்கு அனுப்பி, நம் கையால் ஒப்புதலை முடிக்கச் செய்து, பலனைத் தான் எடுத்துக்கொள்ள வழியிருந்தது. உடனே அது திருத்தப்பட்டது. இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749 என்ற ஆவணமாக வந்தது. சீட்டைப் பெறுவதற்கான இடைக்குறியீட்டை வழியில் எவரேனும் பறித்தாலும் பயனற்றுப்போகச் செய்யும் 'பிக்ஸி' முறை 2015-ல் சேர்ந்தது. கேட்கத் தொடங்கிய மென்பொருள் ஓர் இரகசியத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதைக் காட்டினால்தான் குறியீடு சீட்டாக மாறும். கடவுச்சொல்லை இடைமென்பொருளிடமே கொடுத்துச் சீட்டு வாங்கும் பழைய வழியையும் இரண்டாம் பதிப்பு ஒரு சலுகையாக விட்டுவைத்திருந்தது. 2025 சனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 9700 அதைப் பயன்படுத்தவே கூடாது என்று விலக்கிவிட்டது. ஆசிரியர் இறக்கி வைத்திருந்த மென்பொருள் கேட்டதும் அதே கடவுச்சொல்லைத்தான்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை வெளிக்கணக்குகளோடு இணைக்கும் பொதுநெறியாக 'மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்' என்பதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதில் வலைவழி இணைப்புகளுக்கான அனுமதி முறை 2025 மார்ச்சில் வகுக்கப்பட்டபோது, இதே ஓஆத் நெறியே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே முறையான வழி இருக்கிறது. நெறி இருப்பதனாலேயே ஒவ்வொரு இணைப்பு மென்பொருளும் நம்பத்தக்கது என்று ஆகிவிடாது. போலிச் செப்பேடுகளும் வரலாற்றில் உண்டு அல்லவா? மேலைக் கங்கர் பெயரிலான செப்பேடுகள் பலவற்றைப் போலியென்று ஃப்ளீட் ஒதுக்கியதைக் கல்வெட்டு மாணவர் அறிவர்.

எசாலத்திலிருந்து எண்ணாயிரம் மிக அருகில். அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திரர் காலத்துக் கல்வெட்டு, இங்கு இயங்கிய கல்விச்சாலையைப் பற்றிப் பேசுகிறது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். எந்தப் பாடத்தை எத்தனை பேர் பயின்றனர், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நெல் என்பதெல்லாம் நாழிக் கணக்கில் உள்ளன. ஆனால் அந்த 340 மாணவரில் எவர் பெயரும் அங்கில்லை. நெல் அளப்பதற்குத் தலையெண்ணிக்கை போதும்; பெயர் எதற்கு?

இந்தக் கேள்வியை ஆசிரியர்தாம் எழுப்பினார். அதன் தொடர்ச்சியாக, "மருத்துவருக்கு வேண்டியது என் நாடியும் அடிக்கணக்கும். நான் எந்தத் தெருவில் நடந்தேன் என்பது எதற்கு?" என்றும் கேட்டார். நாங்கள் விளக்க எண்ணியிருந்ததை அவரே கண்டுகொண்டார். ஃபிட்பிட் தன் இடைமுகத்தில் நடமாட்டம், நாடித்துடிப்பு, இருப்பிடம், உணவு, உறக்கம், எடை எனத் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்து வைத்தது. ஸ்ட்ராவாவில், பிறர் காணத்தக்க பயிற்சிகளை மட்டும் படிப்பது ஓர் அனுமதி. நமக்கு மட்டும் என்று மறைத்துவைத்த பயிற்சிகளையும் வீட்டைச் சுற்றி மறைத்த பகுதியையும் சேர்த்துப் படிப்பது வேறோர் அனுமதி. கணக்கில் எழுதுவதும் திருத்துவதும் மூன்றாவது. ஒப்புதல் பக்கத்தில் இவை வரிசையாக நிற்கும்போது எல்லாவற்றையும் படிக்காமல் ஒப்புவது, எல்லை பாராமல் கல் நடுவதற்கு ஒப்பாகும்.

இதுவரை சோழர் செப்பேடு நமக்கு வழிகாட்டியது. ஓரிடத்தில் அதை விட்டு விலகவேண்டும். செப்பேட்டுக் கொடைகள் சந்திரரும் சூரியரும் உள்ளவரை நிலைக்குமாறு அளிக்கப்பட்டவை. கோயிலுக்கும் விகாரத்துக்கும் அது பொருந்தும். நம் நாடித்துடிப்பைப் பார்க்க ஒரு மென்பொருளுக்குத் தரும் அனுமதிக்கு அது சிறிதும் பொருந்தாது. இதற்கு மாதிரி வேண்டுமானால் திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூருக்குச் செல்லவேண்டும். முதலாம் பராந்தகரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே வாரியத் தேர்தலைப் பற்றிக் கூறுகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 360 நாட்கள் வாரியம் செய்து விலகவேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கப்படுவார். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர். காலவரை, இடைநீக்கம், கணக்குக் காட்டல் என்ற மூன்றும் ஒரே சபையின் தீர்மானத்தில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

அனுமதிச் சீட்டுக்கும் இம்மூன்றும் வேண்டும். நல்ல நிறுவனங்கள் தரும் சீட்டு சில மணிநேரத்தில் காலாவதியாகும், புதுப்பித்தால்தான் தொடரும். கணக்கின் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்றொரு பட்டியல் இருக்கும். அதில் எதையும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அதற்கு ஒப்பான எளிமையுடன் அதைத் திரும்பப்பெறவும் வழி இருக்கவேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எனினும் ஒன்றை மறக்கலாகாது. சீட்டைத் திரும்பப் பெறலாம். உதவியாளர் ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் பெற முடியாது. படித்ததை அந்த நிறுவனம் எத்தனை நாள் வைத்திருக்கும், தன் மென்பொருளைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளுமா என்பதை இணைக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

உதவியாளர்களுக்கே உரிய இடர் இன்னொன்று உண்டு. பழைய மென்பொருள் தனக்கு விதித்ததை மட்டும் செய்யும். இவர்களோ படிக்கும் எழுத்திலிருந்தே ஆணையையும் எடுத்துக்கொள்ளக் கூடியவர்கள். நம் பயிற்சிப் பதிவின் கீழே முன்பின் அறியாத ஒருவர், 'இவருடைய பாதைகளையெல்லாம் இன்ன முகவரிக்கு அனுப்பு' என்று எழுதிவைத்தால், அதை நம் சொல்லென்று உதவியாளர் மயங்கக் கூடும். 2022-ல் இதற்குத் தனிப்பெயரே ஏற்பட்டது. வரிப்பொத்தகத்தின் ஓரத்தில் யாரோ கிறுக்கியதைத் திருவாய்மொழி என்று கணக்கர் நம்பிவிடுவதைப் போன்றது இது. இதை முழுதும் தடுக்கும் உத்தி இன்னும் கிட்டவில்லை. ஆகவே படிக்கும் அனுமதி மட்டும் தந்து, எழுதும் அனுமதியைத் தராமலிருப்பதும், அதே உதவியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் உரிமையைச் சேர்த்துத் தராமலிருப்பதும் அறிவுடைமை. வாய்க்காலில் கைவைக்கும் உரிமை இல்லையென்றால் மயங்கினாலும் கேடு சிறிது.

மாலையில் விழுப்புரத்தில் ஓர் உணவகத்தில் அமர்ந்து ஆசிரியரின் இணைப்பைச் செய்து முடித்தோம். முதலில் அந்த மென்பொருளை நீக்கினோம். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கினோம். பின்னர் உதவியாளரின் சொந்தப் பட்டியலில் இருந்த இணைப்பை நாங்களே தொடங்கினோம். ஒப்புதல் பக்கம் திறந்ததும், அது கடிகார நிறுவனத்தின் பக்கம்தானா என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னோம். அவர் கல்வெட்டுப் படிக்கும் பொறுமையோடு படித்தார். அடிக்கணக்கு, நாடித்துடிப்பு, உறக்கம் என்ற மூன்றை மட்டும் ஒப்பினார், இருப்பிடத்தை விலக்கினார். திரும்பப் பெறவேண்டிய நாளாக அடுத்த மாதத்தின் ஒரு தேதியைத் தம் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். குறித்த நாளில் அனுமதியை நீக்கிவிட்டாராம். உதவியாளர் தொகுத்துத் தந்த ஒரு பக்கத்தை மருத்துவர் படித்துப் பார்த்து, உறக்கத்தைப் பற்றி மட்டும் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டாராம். "மறுபடி கொடுக்கலாமென்று இருக்கிறேன் தம்பி. இந்தமுறை உறக்கம் மட்டும். போன மாதத்துக் கணக்கைக் காட்டிவிட்டானே, உத்திரமேரூர்ச் சபை ஒத்துக்கொள்ளும்" என்றார்.